பைலட்டும் டவரும் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொள்வது எதற்கு?

வான்செவி எழுதியது:
விமானிகளும் அவர்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர்களும் பேசிக்கொள்வதை இணையத்தில் நேரலையாகக் கேட்பது என் பொழுதுபோக்கு. ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கன்ட்ரோலர் "இடப்பக்கம் திரும்பி ஹெடிங் 210, நாலாயிரம் அடிக்கு இறங்குங்கள்" என்கிறார் (ஹெடிங் என்றால் விமானம் நோக்க வேண்டிய திசை). பைலட் அதையே ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்து, கடைசியில் தன் கால்சைனையும் (விமானத்தின் அழைப்புப் பெயர்) சேர்த்துச் சொல்கிறார். அடுத்த விமானம் வந்தால் மறுபடி அதே கதை. நெரிசலான நேரத்தில் அலைவரிசையில் மூச்சுவிட இடம் இருக்காது. அதில் பாதி இந்த ஒப்பித்தலுக்கே போய்விடுகிறது.

"ரோஜர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் என்ன குறைந்துவிடும்? இல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுத்தாக அனுப்பிவிடலாமே? தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பைனரி பாண்டி எழுதியது:
நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. விமானத்துக்குள் திரும்பிய பக்கமெல்லாம் கணினி. அதற்குக் கட்டளை போவது மட்டும் கரகர ஏஎம் ரேடியோவில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற நிலையில். இரண்டு பேர் சேர்ந்து பட்டனை அழுத்தினால் இருவர் பேச்சும் காலி. எஃப்எம்முக்குக் கூட மாறவில்லை பாருங்கள்.

வலது சீட் எழுதியது:
கோ-பைலட்டாக இருக்கிறேன், அதனால் என் பங்குக்கு.

முதலில் ரோஜர். "நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது" என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் கிடையாது. சரி என்றோ, செய்கிறேன் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்கிறேன் என்பதற்கு "வில்கோ" தனியாக இருக்கிறது. ஆனால் முக்கியமான இடங்களில் அதுவும் போதாது. ரன்வேக்குள் நுழைவது, கடப்பது, அதில் இறங்குவது, புறப்படுவது, அதற்கு வெளியே நிற்பது, அப்புறம் உயரம், ஹெடிங், வேகம், ஆல்டிமீட்டர் (உயரமானி) அமைப்பு, டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், ரூட் கிளியரன்ஸ் இவற்றையெல்லாம் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி. காற்றின் திசை, முன்னால் போகும் விமானம் எது என்பது போன்ற வெறும் தகவலுக்கு ரோஜர் தாராளமாகப் போதும்.

இப்படித் திருப்பிச் சொல்லும் ரீட்பேக் என்பது பைலட் மனப்பாடம் செய்துகொள்வதற்கான ஏற்பாடு இல்லை. என் தலைக்குள் எந்த எண் பதிந்திருக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் சரிபார்ப்பதற்கான ஏற்பாடு. நான் ரோஜர் என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது எப்படித் தெரியும்?

1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர். ஃபிளையிங் டைகர் 66, சரக்கு ஏற்றி வந்த 747. கன்ட்ரோலர் 2400 அடிக்கு இறங்கச் சொல்கிறார், ஆனால் "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்கிறார். அந்த "டூ" காக்பிட்டில் இரண்டு என்ற எண்ணாக விழவில்லை, "அந்த உயரத்துக்கு" என்று சொல்லும் இணைப்புச் சொல்லாக விழுந்துவிட்டது. பதில் வருகிறது: "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ." அதாவது 400 அடி. யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என்று ஆயிரத்தையும் நூறையும் பிரித்துச் சொல்வதுதான் சரியான முறை. அன்று அப்படிச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

பைனரி பாண்டி எழுதியது:
இந்தக் கதை என் பக்கத்துக்குத்தானே சாட்சி? ரீட்பேக் செய்தார்கள், தப்பாகவே செய்தார்கள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. திரையில் 2400 என்று எழுத்தாக வந்திருந்தால் அந்த நால்வரும் பிழைத்திருப்பார்கள்.

பழைய டவர் எழுதியது:
கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி பாண்டி சொல்வதில் பாதி சரி, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரீட்பேக் ஒரு கைதான். ஹியர்பேக் என்ற இன்னொரு கை சேர்ந்தால்தான் ஓசை வரும். பைலட் திருப்பிச் சொல்லும்போது கன்ட்ரோலர் அதைக் கேட்க வேண்டும், தப்பாக இருந்தால் "நெகட்டிவ்" என்று நிறுத்தித் திருத்த வேண்டும். கேட்பதற்கு இது எளிதாகத்தான் தெரியும். ஆனால் அந்த மூன்று வினாடியில் கன்ட்ரோலர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கை ஸ்டிரிப்பில் (ஒவ்வொரு விமானத்தின் விவரத்தையும் குறிக்கும் சீட்டு) எழுதிக்கொண்டிருக்கும், கண் அடுத்த விமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும், பக்கத்து வான்பகுதியைப் பார்க்கும் செக்டார்காரர் இன்டர்காமில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். தான் சொன்னதுதான் திரும்பி வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். எதிர்பார்த்தது வராதபோதும் வந்ததாகவே காது கணக்கு வைத்துக்கொள்ளும். இது சோம்பேறித்தனம் இல்லை, மனிதக் காது அப்படித்தான். அதனால்தான் பயிற்சியில் பேனாவை ஸ்டிரிப்பில் அந்த எண்ணின் மேல் வைத்துக்கொண்டு, பைலட் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் குறியிடச் சொல்லுவோம். கைக்கு வேலை கொடுத்தால் காது அலையாது.

டெனரிஃப் விபத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1977 மார்ச் 27, கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 ரன்வேயில் மோதி 583 உயிர். மூடுபனி, கேஎல்எம் கேப்டனின் அவசரம் என்று பல காரணம் சொல்வார்கள். ரேடியோவில் நடந்ததை மட்டும் பாருங்கள். கேஎல்எம்முக்குக் கொடுக்கப்பட்டது ரூட் கிளியரன்ஸ், புறப்பட்ட பிறகு எந்த வழியில் போவது என்பது மட்டும். அந்த வாசகத்துக்குள்ளேயே "டேக்-ஆஃப்" என்ற சொல் இருந்தது. கோ-பைலட் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்று ஒட்டவைத்தார். ஓட ஆரம்பித்துவிட்டோம் என்கிறாரா, ஓடத் தயாராக நிற்கிறோம் என்கிறாரா? டவரில் இருந்தவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். ஒரு சின்ன இடைவெளி விட்டு "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானம் "நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கேஎல்எம் காக்பிட்டில் வெறும் கீச்சொலிதான் கேட்டது. தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும்.

அதற்குப் பிறகுதான் "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் பூட்டி வைத்தார்கள். புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்". நேரலையில் கவனித்துப் பாருங்கள், "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்றுதான் பைலட் சொல்வார்.

ஓகே என்ற சொல்லின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

வான்செவி எழுதியது:
"ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்பதைப் பல தடவை கேட்டிருக்கிறேன் சார், அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கேஎல்எம்மில் வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லையா?

வலது சீட் எழுதியது:
வந்தது. ஃபிளைட் எஞ்சினியர் காதில் பான் ஆம் பேச்சின் இன்னொரு துண்டு விழுந்திருக்கிறது. "அவர் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். கேப்டன் விலகிவிட்டார் என்று அழுத்திச் சொன்னதும் அடங்கிவிட்டார். இன்றைக்கு எங்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில், இருவரில் ஒருவருக்குச் சின்னச் சந்தேகம் இருந்தாலும் டவரிடம் திரும்பக் கேட்டே ஆக வேண்டும். காக்பிட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வது கூடாது.

மழைக்குருவி எழுதியது:
ஒரு இடையீடு. ரீட்பேக் சரியாக இருந்து, ஹியர்பேக்கும் சரியாக இருந்து, அப்படியும் விமானம் தரையைத் தொடப்போன சம்பவம் ஒன்று இருக்கிறது. 2022 மே 23, பாரிஸ் ஷார்ல் து கோல். மழை, மேகம். உண்மையான க்யூஎன்எச் (ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்) 1001. கன்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். ஏ320 விமானிகள் 1011 என்று ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். சொன்னதும் கேட்டதும் ஒன்றுதான், இரண்டுமே தப்பு. பத்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் சுமார் 280 அடி. ஆல்டிமீட்டர் சொல்வதைவிட விமானம் அவ்வளவு கீழே வந்துகொண்டிருந்தது. இறங்கும் பாதையை ஆல்டிமீட்டரே தீர்மானிக்கும் வகை அப்ரோச் (ரன்வேயை நெருங்கும் முறை) அது, தரையிலிருந்து வரும் சிக்னல் எதுவும் இல்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலேற கோ-அரவுண்ட் செய்தபோது ரன்வேக்கு முன்னால் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருந்தது.

ஆறு அடி. ஒரு மனிதன் உயரம்.

பைனரி பாண்டி எழுதியது:
அய்யோ. இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் பழைய டவர் சார்?

பழைய டவர் எழுதியது:
மழுப்பாமல் சொல்கிறேன். ரீட்பேக் வழியில் நேரும் பிழையைப் பிடிக்கும். ஊற்றிலேயே பிழை இருந்தால் அது பிடிக்காது, பிடிக்கும் என்று யாரும் உறுதி தரவும் இல்லை. அதற்கு வேறு வலை வேண்டும்.

ஒரு வலை ஏடிஸ். விமானநிலைய வானிலையைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிபரப்புவார்கள், க்யூஎன்எச்சும் அதில் உண்டு. கன்ட்ரோலர் சொல்லும் எண் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பைலட் கேட்க வேண்டும். இன்னொரு வலை எங்கள் திரையில் இப்போது வந்திருக்கிறது. மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் இருந்தால், பைலட் தன் பேனலில் எந்த உயரத்தைத் திருகி வைத்திருக்கிறார் என்பது பல இடங்களில் கன்ட்ரோலர் கண்ணிலேயே படும். வாயால் ஆறாயிரம் என்று சொல்லிவிட்டுக் கையால் ஐயாயிரம் வைத்திருந்தாலும் பிடித்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் கனவில்கூட நினைத்ததில்லை.

வலது சீட் எழுதியது:
பழைய டவர் சார் சொன்னதோடு இன்னொரு வகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்த்தை சரி, ரீட்பேக் சரி, ஆனால் இருவர் மனதில் இருக்கும் படம் வேறு.

2001 அக்டோபர் 8, மிலான் லினாட்டே, கடும் மூடுபனி. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றை ஆர்5 டாக்ஸிவே (விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை) வழியாகப் போகச் சொன்னார்கள். ஆர்5 என்று பைலட் சரியாகவே திருப்பிச் சொன்னார், ஆனால் போனது ஆர்6-இல். அது நேராக ரன்வேயைக் குறுக்கே வெட்டும் பாதை. வழியில் தரையில் எஸ்4 என்று ஒரு குறி தெரிகிறது என்று ரேடியோவில் சொல்லியும் இருக்கிறார். கன்ட்ரோலரிடம் இருந்த வரைபடத்தில் அப்படி ஒரு குறியே இல்லை. அவர் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார். தரை ராடார் வேலை செய்யவில்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த எம்டி-87 மோதி 118 பேர் இறந்தார்கள்.

2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா. கடலோரக் காவல் விமானத்துக்கு டவர் சொன்னது "நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட் சி5-க்குப் போங்கள்." நம்பர் ஒன் என்றால் புறப்படும் வரிசையில் முதலிடம், அவ்வளவுதான். ஹோல்டிங் பாயின்ட் என்பது ரன்வேக்கு வெளியே காத்திருக்கும் இடம். அவர்களும் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ரன்வேக்குள் போய் நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து இறங்கிய ஏ350 மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள், கடலோரக் காவல் விமானத்தில் ஆறில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் அவசர நடவடிக்கையாக, புறப்படும் வரிசை எண்ணை விமானிகளிடம் சொல்வதை ஜப்பானில் நிறுத்திவைத்தார்கள். பெரிய விதி எதையும் மாற்றவில்லை, தேவையில்லாத ஒரு நல்ல செய்தியைச் சொல்லாமல் விட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான மருந்து. நீ முதல் ஆள் என்று சொன்னதும் கால் தன்னால் முன்னே போகும்.

பைனரி பாண்டி எழுதியது:
நீங்கள் எல்லோரும் சேர்ந்து பேச்சு எவ்வளவு ஓட்டையானது என்று எனக்காக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் :) எழுத்துக்கு வாருங்கள்.

வலது சீட் எழுதியது:
எழுத்து ஏற்கெனவே இருக்கிறது நண்பரே. சிபிடிஎல்சி என்று பெயர். கன்ட்ரோலர் அனுப்புவது எங்கள் திரையில் வரும். வில்கோ, அன்ஏபிள் (முடியாது), ஸ்டாண்ட்பை (பொறுங்கள்) என்று பட்டன் இருக்கும், அழுத்தினால் போதும். பெருங்கடல் மேல் இது பெரிய வரம். முன்பெல்லாம் அங்கே தொலைதூரத்துக்கான எச்எஃப் ரேடியோவின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஐரோப்பாவின் உயர்வெளியிலும் இது இருக்கிறது. புறப்படும் முன் வாங்கும் ரூட் கிளியரன்ஸும் பல பெரிய விமானநிலையங்களில் எழுத்தாகவே வருகிறது.

ஆனால் தரையிறங்கும் நேரத்தில் ஆகாது. செய்தி போய்ச் சேர்ந்து, நாங்கள் படித்து, இருவரும் ஒப்புக்கொண்டு, பட்டன் அழுத்தி, அது திரும்பிப் போவதற்குள் அரை நிமிடம்கூட ஆகலாம். இறுதி அப்ரோச்சில் அரை நிமிடத்தில் ஒரு மைலுக்கு மேல் போய்விடுவோம். ரன்வேயில் குறுக்கே வாகனம் நிற்கிறது, "கோ அரவுண்ட்" என்பதை யாராவது டைப் செய்துகொண்டிருப்பார்களா? அதோடு அந்த நேரத்தில் எங்கள் கண் வெளியே இருக்க வேண்டும், திரையில் இல்லை.

பழைய டவர் எழுதியது:
இன்னொன்றும் இருக்கிறது, பாண்டி தம்பி கவனிக்கவும். எழுத்து ஒருவருக்கு மட்டும் போகும். ரேடியோ எல்லோருக்கும் கேட்கும். இதை பார்ட்டி லைன் என்போம். முன்னால் போகும் விமானம் குலுங்குகிறது என்று சொன்னால் பின்னால் வருபவர் பெல்ட் விளக்கைப் போட்டுவிடுவார். நான் ஒருவருக்கு ரன்வேயில் நிற்க அனுமதி கொடுத்துவிட்டு மறந்து இன்னொருவரை அதே ரன்வேயில் இறங்கச் சொன்னால், அந்த இருவரில் யாராவது ஒருவர் காதில் அது உறைக்க வாய்ப்பு இருக்கிறது. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸில் இதேதான் நடந்தது. அன்று யாருக்கும் உறைக்கவில்லை, 35 பேர் இறந்தார்கள். ஆனால் உறைத்துக் காப்பாற்றிய நாட்களும் உண்டு.

2017 ஜூலை 7, சான் பிரான்சிஸ்கோ, நள்ளிரவு நேரம். ஏர் கனடா 759 ரன்வே என்று நினைத்து, பக்கத்து டாக்ஸிவேயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன. ரன்வேயில் விளக்குகள் தெரிகின்றனவே என்று ஏர் கனடா பைலட் கேட்டார். ரன்வே 28ஆர்-இல் உங்களைத் தவிர யாரும் இல்லை என்றார் கன்ட்ரோலர். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. டாக்ஸிவேயில் நின்ற யுனைடெட் பைலட் ஒருவர்தான் "இவர் எங்கே போகிறார்? டாக்ஸிவேயில் வருகிறார்" என்று ரேடியோவில் சொன்னார். கோ அரவுண்ட். தரையிலிருந்து சுமார் 60 அடி வரை வந்திருந்தது. ஏர் கனடா காக்பிட்டிலேயே மேலே ஏறத் தொடங்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது அந்த மூன்றாம் ஆளின் குரலால். எழுத்தில் பேசியிருந்தால் அந்த யுனைடெட் பைலட் யாருக்கு எழுதியிருப்பார்?

அப்புறம் ஏன் எஃப்எம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். எஃப்எம்மில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் வலுவான சிக்னல் பலவீனமானதை அப்படியே விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசியதே தெரியாது. ஏஎம்மில் கீச்சென்று ஒரு சத்தம் வரும், "பிளாக்ட்" என்று யாராவது சொல்லுவார்கள், திரும்பச் சொல்லச் சொல்லலாம். கரகரப்பைத் திட்டாதீர்கள்.

பைனரி பாண்டி எழுதியது:
எஃப்எம் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். எழுத்து விஷயத்தில் பாதி.

மழைக்குருவி எழுதியது:
பார்ட்டி லைன் வேலை செய்ய வேண்டுமானால் எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேச வேண்டும் அல்லவா? விதிப்படி தரைநிலையத்தின் வழக்கமான மொழியிலும் பேசலாம், ஆங்கிலம் கேட்டால் கொடுக்க வேண்டும். 2000 மே 25, அதே ஷார்ல் து கோல். எம்டி-83 ஒன்றுக்கு டேக்-ஆஃப் அனுமதி பிரெஞ்சில் கொடுக்கப்பட்டது. அதே ரன்வேக்குள் பாதி வழியில் நுழைந்துகொண்டிருந்த ஷார்ட்ஸ் 330 விமானிகளுக்கு ஆங்கிலம் மட்டுமே. தங்களை நோக்கி ஒரு விமானம் ஓடி வரப்போகிறது என்பது அவர்கள் காதில் விழுந்தும் விழாத மாதிரி. இரண்டும் மோதி, ஷார்ட்ஸின் கோ-பைலட் இறந்தார். 1976-இல் ஸாக்ரெப் அருகே இரண்டு விமானங்கள் வானில் மோதி 176 பேர் இறந்தபோதும், கடைசி நொடிகளில் கன்ட்ரோலர் ஒரு விமானத்தோடு தன் தாய்மொழிக்கு மாறிவிட்டார். பதற்றத்தில் யாருக்கும் அதுதான் வரும்.

இன்னொரு பக்கம், ஆங்கிலம் போதாமல் நடந்ததும் உண்டு. 1996 நவம்பர் 12, டெல்லி அருகே சர்க்கி தாத்ரி, வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர். கசாக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே பைலட்டுகளுக்குப் பதிலாக ரேடியோ ஆபரேட்டர்தான் டவரோடு பேசிக்கொண்டிருந்தார். விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் நான்காம் நிலை மொழித் தேர்ச்சி வேண்டும் என்று 2008-இல் ஐகாவோ கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட விபத்துகள்தான் பின்னணி.

வலது சீட் எழுதியது:
தேர்ச்சி இல்லாதவர்களை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கன்ட்ரோலர்கள் சிலர் பேசும் வேகம் இருக்கிறதே! நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் போகாமல் பேசுங்கள் என்று ஐகாவோ சொல்கிறது. சில பெரிய விமானநிலையங்களில் அதற்கு இரண்டு மடங்கு வேகத்தில் பேசி, நடுவில் வட்டார வழக்கையும் கலப்பார்கள். புரியவில்லை என்று திரும்பக் கேட்டால் குரலில் எரிச்சல் தெரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து கேட்காமல் விடுபவர்தான் ஆபத்து.

நடுநிலை எழுதியது:
எந்த நாட்டுக் கன்ட்ரோலர் நல்லவர் என்ற பட்டிமன்றம் வேண்டாம். மன்ற நிர்வாகியாக அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டேன். தலைப்புக்குள் பேசுவோம்.

ஒற்றை எஞ்சின் எழுதியது:
மாணவப் பைலட், தனியாகப் பறக்க ஆரம்பித்திருக்கிறேன். வலது சீட் அண்ணா சொன்ன அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. பறப்பதைவிட மைக்கைத் தொடத்தான் கை நடுங்குகிறது. புரியாவிட்டால் "ஸே அகெய்ன்" என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கன்ட்ரோலர் சொல்வது புரிந்து, என்னால் செய்ய முடியாது என்றால்? மறுத்துப் பேசலாமா?

வலது சீட் எழுதியது:
பேசலாம் இல்லை தங்கச்சி, பேசியே ஆக வேண்டும். அதற்குத்தான் "அன்ஏபிள்". 2009 ஜனவரி 15, ஹட்சன் ஆற்றில் இறங்கிய 1549 விமானத்தின் உரையாடலைக் கேட்டுப்பாருங்கள். பறவை மோதி இரண்டு எஞ்சினும் போய்விட்டது. கன்ட்ரோலர் ஒரு ரன்வே தருகிறார், கேப்டன் "அன்ஏபிள்" என்கிறார். வேறொன்று தருகிறார், மறுபடி "அன்ஏபிள்". விளக்கம் கிடையாது, மன்னிப்பு கிடையாது. கால்சைனைக்கூட கேப்டன் 1539 என்று தவறாகச் சொல்லிவிட்டார், பரவாயில்லை. முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போகிறோம் என்று பார், கடைசியில்தான் பேசு. அந்த வரிசை மாறவே கூடாது. கன்ட்ரோலர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் "ஸ்டாண்ட்பை" என்று ஒரு வார்த்தை, போதும்.

இதற்கு நேர் எதிர் அவியாங்கா 52. 1990 ஜனவரி 25, நியூயார்க். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடிக்க வைத்தார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று சொல் என்கிறார் கேப்டன். கோ-பைலட் கன்ட்ரோலரிடம் சொன்னது, எரிபொருள் குறைந்துகொண்டிருக்கிறது என்று. அதுவும் ஹெடிங்கைத் திருப்பிச் சொல்லும் வாக்கியத்தின் வாலில், சாவதானமான குரலில். மேடே என்ற ஆபத்து அழைப்புச் சொல் கடைசிவரை வரவில்லை. நான்கு எஞ்சினும் அணைந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இப்போது அதற்கு இரண்டே வாசகம். இனி ஒரு தாமதம் வந்தாலும் இறுதி இருப்பில் (தொடாமல் வைத்திருக்க வேண்டிய கடைசி எரிபொருள்) கை வைக்க வேண்டியிருக்கும் என்றால் "மினிமம் ஃப்யூயல்". அது முன்னுரிமை கேட்பது இல்லை, தகவல்தான். இறுதி இருப்பைத் தொட்டுத்தான் இறங்குவோம் என்று தெரிந்துவிட்டால் "மேடே ஃப்யூயல்". ஜெட் விமானத்துக்கு அந்த இருப்பு 30 நிமிடம்.

பழைய டவர் எழுதியது:
அம்மா ஒற்றை எஞ்சின், எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "நான் மாணவப் பைலட்" என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடு. நெரிசலில் கடுகடுவென்று பேசிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர்கூட அதைக் கேட்டதும் ஒரே மூச்சில் ஐந்து கட்டளை கொடுக்க மாட்டார். மைக்கை அழுத்தும் முன் இரண்டு வினாடி கேள், யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொள், என்ன சொல்லப்போகிறோம் என்று மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார், அப்புறம் அழுத்து. யார் நீ, எங்கே இருக்கிறாய், என்ன வேண்டும். அவ்வளவுதான்.

வான்செவி எழுதியது:
கன்ட்ரோலர் சொல்வதைப் பைலட் மீறலாம் என்று விதியே இருக்கும் இடம் ஏதாவது உண்டா?

பழைய டவர் எழுதியது:
உண்டு, டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி. எதிரே வரும் விமானத்தோடு மோதப்போகிறோம் என்று கருவி கணக்குப் போட்டு "ஏறு" அல்லது "இறங்கு" என்று சொன்னால், கன்ட்ரோலர் நேர்மாறாகச் சொன்னாலும் கருவியைத்தான் கேட்க வேண்டும். 2002 ஜூலை 1, ஜெர்மனியின் உபெர்லிங்கன் மேல் நடந்த விபத்துக்கு முன் இதில் தெளிவில்லாமல் இருந்தது. டியூ-154 விமானத்தைக் கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார், கருவி ஏறச் சொன்னது. அவர்கள் கன்ட்ரோலரைக் கேட்டார்கள். எதிரே வந்த டிஎச்எல் 757-ஐ அதன் கருவி இறங்கச் சொல்லியிருந்தது. இரண்டும் இறங்கின. 71 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அந்த இரவில் இரண்டு திரையையும் ஒரே கன்ட்ரோலர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், தொலைபேசி இணைப்பும் பராமரிப்பில் இருந்தது. அவர் ஒருவர் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

இப்போது பைலட் "டிகாஸ் ஆர்ஏ" (கருவி கட்டளை கொடுத்துவிட்டது) என்று சொல்லிவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" (மோதல் அபாயம் நீங்கியது) என்று அவர் சொல்லும்வரை கட்டளை எதுவும் கிடையாது. எங்கள் பதில் ஒரே வார்த்தை: ரோஜர். வான்செவி முதலில் கேட்ட அந்த ஒற்றை வார்த்தை முழுப் பதிலாக நிற்கும் அபூர்வமான இடம் இது.

ஒற்றை எஞ்சின் எழுதியது:
நன்றி சார், நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. ரேடியோவே செத்துப்போனால்? தேர்வுக்குப் படித்தேன், நிறம் எல்லாம் குழம்புகிறது.

பழைய டவர் எழுதியது:
டிரான்ஸ்பாண்டரில் 7600 போடு, அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களை உன் வழியிலிருந்து விலக்கிவிடுவோம். டவர் பக்கத்தில் வந்தால் விளக்கைப் பார். பறக்கும்போது: நிலையான பச்சை, இறங்கலாம். நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. மினுக்கும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. மினுக்கும் சிவப்பு, விமானநிலையம் பாதுகாப்பில்லை, இறங்காதே. மினுக்கும் வெள்ளை, இங்கேயே இறங்கி ஏப்ரனுக்கு (விமானங்கள் நிறுத்தும் இடம்) வா, ஆனால் இறங்கும் அனுமதி தனியாகப் பச்சையில் வரும். தரையில் இருக்கும்போது இதே நிறங்களுக்கு வேறு பொருள், அதைக் கலந்துவிடாதே.

வலது சீட் எழுதியது:
விளக்கைப் பார்த்தேன் என்று பதிலும் சொல்ல வேண்டும். பகலில் இறக்கைகளை ஆட்டு. இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு தடவை போட்டு அணை. இறங்கும் சுற்றின் கடைசி இரண்டு கட்டங்களான பேஸ் லெக்கிலும் ஃபைனலிலும் இறக்கை ஆட்டத் தேவையில்லை, அங்கே டவர் அதை எதிர்பார்க்காது. தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.